மரத்தின் கடல்பக்கம்

தார்சியுஸ் கடலுக்குப் போய்த் திரும்பி வராத அந்த டிசம்பரில், போவதற்கு முன்பே அவன் கயிறு கட்டி அடையாளம் வைத்திருந்த சவுக்கு மரத்தை அவன் மனைவி கொன்சலா தோப்புக்குப் போய் வாங்கி வந்து, முன்னறையில் மணல் நிரப்பிய வாளியில் நட்டு நிறுத்தினாள். அன்று சாயங்காலமே, சன்னல்கள் சாத்தியிருக்க, மின்விசிறி நின்றிருக்க, அந்த மரத்தில் மட்டும் காற்று வீசத் தொடங்கியது.

எங்கள் ஊருக்கு மேற்கே கடல், கிழக்கே சவுக்குத் தோப்பும் தென்னைகளும், அதற்கப்பால் பஸ் போகும் ரோடு. முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். பிறகு வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் மரம் வந்தது, அதை ஜனவரியில் பிரித்துப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினார்கள், அடுத்த வருஷம் இறக்கியபோது எலி கடித்த இடத்தில் பஞ்சை வைத்து மறைத்தார்கள், அந்தப் பஞ்சுதான் பனி என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பனியை நேரில் பார்த்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். குளிர்தேசத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, கொன்சலாவின் வீட்டோடு ஒட்டுச்சுவர் உள்ள வீட்டில் குடியிருக்கிறேன். அங்கே ஆட்கள் குடும்பத்தோடு போய் மரம் பார்த்து வாங்குவார்கள், கடைக்காரன் மரத்தை வலைக்குள் திணித்து இறுக்கிக் கொடுப்பான், அதைக் கார் கூரையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு போவார்கள் என்று ஒருநாள் தார்சியுஸிடம் சொன்னபோது, அவன் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"வலை போட்டு மரமா பிடிக்கிறானுவ? நல்ல மீன்பாடுதான்."

ஆனால் அன்று சாயங்காலமே மகள் ஜெனிஷாவிடம், இந்த வருஷம் நம் வீட்டில் நிஜ மரம் என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்காமல் சவுக்குத் தோப்புக்காரர் தங்கப்பழத்திடம் போய், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு மரத்தைத் தேர்ந்து, தன் குடும்பத்து அடையாளமான சிவப்பும் நீலமும் முறுக்கிய நைலான் கயிற்றைத் தண்டில் முடிச்சிட்டு வந்தான். எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கயிற்று நிறமும் ஒரு முடிச்சும் உண்டு. கடலில் மிதக்கும் மிதவை யாருடையது, கரையில் நட்ட கம்பம் யாருடையது என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். கரையில் எதில் கட்டினாலும் முடிச்சைக் கடல்பக்கமாகத்தான் வைப்பார்கள், வள்ளத்தில் வருகிறவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படவேண்டும் என்பதற்காக. மரத்திலும் தார்சியுஸ் அப்படித்தான் கட்டினான். கை அதற்குத்தான் பழகியிருந்தது.

அடுத்த வாரம் அவன் ஒற்றையாளாக ஃபைபர் வள்ளத்தில் போனான். மத்தியானம் வானம் கறுத்து ஒரு சுழல்காற்று அடித்து ஓய்ந்தது. மற்றவர்கள் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். அவன் அண்ணன் பிலவேந்திரனும் ஊர்க்காரர்களும் தேடினார்கள், அரசாங்கக் கப்பல் தேடியது, ஒரு விமானம்கூட இரண்டு முறை தாழப் பறந்துபோனது. பிறகு எல்லாம் நின்றுபோயிற்று. உடல் கரைக்கு வராதவனுக்காகக் கோயில் மணி அடிப்பதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். மணி அடிக்காததால் துக்கம் கேட்க யாரும் போகவில்லை, துக்கம் இல்லாத வீடு என்று சும்மா இருக்கவும் முடியவில்லை. பெண்கள் ஏதாவது ஒரு சாக்கில் கொன்சலாவின் வாசலுக்குப் போய், கறிவேப்பிலையோ தீப்பெட்டியோ கேட்டு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஊரெல்லாம் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கியபோது கொன்சலா மரம் வாங்கப் புறப்பட்டாள். ஆள் வந்து சேராத வீட்டில் இந்த வருஷம் மரமும் வேண்டாம் குடிலும் வேண்டாம் என்று எதிர்வீட்டுக்காரி தன்மையாகத்தான் சொன்னாள். அதற்குக் கொன்சலா, அவர் அடையாளம் வைத்த மரத்தை நான் வேண்டாம் என்று சொன்னால் அவர் வரமாட்டார் என்று சொன்னது போல ஆகும் என்றாள். பிலவேந்திரனும் நானும் அவளோடு போனோம். தங்கப்பழம் அரிவாளால் பக்கத்து மரத்தைக் காட்டினார். கயிறு கட்டினவரே வந்து எடுப்பதாகச் சொன்ன மரம், வேறு ஒன்று இதைவிட நன்றாகப் பார்த்துத் தருகிறேன் என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதுதான் வேணும்," என்றாள் கொன்சலா. "அவிய வாறதுக்குள்ள இது வீட்டில நிக்கணும்."

நாங்கள் இருவரும் மரத்தைத் தோளில் சுமந்து வந்தோம். வாளியில் மணலைக் கொட்டி, அடியில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். கடற்கரைச் சவுக்குக்கு இரண்டு பக்கம் உண்டு. கடலைப் பார்த்த பக்கம் உப்புக்காற்றில் கருகி, கிளைகள் குறுகி, ஊசிகள் பழுப்பேறி இருக்கும். கரையைப் பார்த்த பக்கம் பச்சையாகச் செழித்து இருக்கும். வீட்டில் மரம் வைக்கிற எல்லோரும் செய்வதுபோலக் கொன்சலாவும் வாசற்படியில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் திருப்புங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, கருகின பக்கம் முழுவதும் கிழக்குச் சுவரோடு மறைந்து, பச்சைப் பக்கம் வாசலைப் பார்த்து நின்ற பிறகுதான் போதும் என்றாள். அந்த வீட்டு வாசல் மேற்கே கடலைப் பார்த்தது. வருகிறவனுக்கு அழகாகத் தெரியட்டும் என்று அவள் நினைத்திருப்பாள். முடிச்சு சுவர்ப்பக்கம் போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை.

காற்று முதலில் உச்சியில் தொடங்கியது. நுனி ஊசிகள் சிலிர்த்தன, பிறகு கிளைகள் ஒவ்வொன்றாக எழுந்து தணிந்தன, சவுக்குத் தோப்புக்குள் நடக்கும்போது கேட்குமே அந்த நீண்ட பெருமூச்சு, அது முன்னறைக்குள் கேட்டது. பக்கத்தில் இருந்த நாட்காட்டி அசையவில்லை. மேசை விரிப்பு அசையவில்லை. கையை மரத்துக்கு வெளியே வைத்தால் ஒன்றுமில்லை, கிளைகளுக்குள் நுழைத்தால் உள்ளங்கையில் காற்று வந்து மோதியது, முகர்ந்தால் ஆழ்கடல் வாசனை அடித்தது.

கொன்சலா ஜெனிஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா இருக்கிற இடத்துக் காற்று என்று சொன்னாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது என்றால், தெருவுக்குள் புதிதாக ஒரு குடிநீர்க் குழாய் வந்தால் எப்படி எடுத்துக்கொள்வோமோ அப்படி. முதல் நாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் மின்வாரியத்தில் வேலை பார்க்கிற பையன் வந்து, ஃபேன் போடவில்லையே என்று கேட்டு, மெயினை ஒரு தடவை அணைத்துப் பார்த்து, சரி, இது நம் டிபார்ட்மெண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனான். போனில் படம் எடுத்தவர்களுக்கு மரம் ஆடாமல் நிற்பதுதான் கிடைத்தது. மீன்துறையிலிருந்து வந்த அதிகாரி காற்றை அளக்கும் கருவியைக் கிளைகளுக்குள் நீட்டினார், முள் நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் இதை எந்தக் கடற்கரை என்று எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே போய்விட்டார். கரண்ட் போன மத்தியானங்களில் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளைக் கொண்டுவந்து மரத்தின் கிளைகளுக்குள் தலை படும்படி கிடத்தினார்கள். ஒருத்தி நெத்திலியைத் தட்டில் பரப்பிக் கீழ்க்கிளையில் வைத்துப் பார்த்தாள். கொன்சலா எதற்கும் முகம் கோணவில்லை. "இது என்ன மீன்பேட்டையா, வீடா?" என்று எதிர்வீட்டுக்காரிதான் எல்லோரையும் விரட்டினாள், விரட்டிவிட்டுத் தன் கொடியிலிருந்து எடுத்துவந்த ஈரத் துண்டை ஓரமாகப் போட்டாள்.

பங்குச்சாமியார் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர், வயது குறைந்தவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து மரத்தின் முன் நின்றார். இதைப் பற்றி மேலே எழுதிக் கேட்க வேண்டுமா என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்க, எழுதினால் பதில் ஈஸ்டருக்குத்தான் வரும் சாமி, மரம் அதுவரை தாங்காது என்று அவர் சொல்ல, சாமியார் யோசித்து, குடிலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். மாதாவின் மேல் வைக்கோல் பறக்கும் என்று அவருக்குக் கவலை.

மரத்தில் காற்று அடிக்கும்வரை தார்சியுஸ் எங்கோ காற்றுப் படும் இடத்தில் இருக்கிறான். இதுதான் கொன்சலாவுக்குத் தெரிந்தது, அவளுக்கு இது போதுமாக இருந்தது. அந்த நாட்களில் அவள் தலை வாரினாள், சோறு தின்றாள், முறுக்குக்கு மாவு இடித்தாள். காற்று பலத்தால் கை வேலையை விட்டுவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். தணிந்தால், தூங்குகிறார் என்று சொல்லி ஜெனிஷாவை மெதுவாகப் பேசச் சொன்னாள். பனிக்காக ஒட்டிய பஞ்சு கிளையில் நிற்காமல் பறந்துகொண்டே இருந்தது. அதனால் தார்சியுஸின் பழைய மிதவைகளைச் சாயம் பூசிக் கட்டினார்கள்.

ஆனால் கடற்காரர்களுக்குக் காற்று இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்தக் காற்று என்று தெரியவேண்டும்.

பிலவேந்திரன் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் ஓட்டி. ஊரில் காற்றுப் பார்ப்பதில் அவனுக்கு மேல் ஆள் இல்லை. ஒரு காலையில் நாலைந்து பேரோடு வந்து, மரத்துக்கு நேரே பாயில் உட்கார்ந்து பார்த்தான். கிளைகள் எல்லாம் வாசலை விட்டு விலகிச் சுவரைப் பார்த்துச் சாய்ந்தன. அப்படியானால் காற்று மேற்கிலிருந்து வருகிறது, கச்சான். டிசம்பர் மாதத்தில் எங்கள் கரையில் கச்சான் கிடையாது. அப்போது வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து கரையைத் தாண்டிக் கடலுக்குப் போகிற காற்று. வெளியே தென்னைகள் கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தன, உள்ளே மரம் நேர் எதிராகச் சாய்ந்துகொண்டிருந்தது. கச்சான் இந்த மாதத்தில் வீசுகிற கடல் ஒன்று உண்டு என்று பிலவேந்திரன் சொன்னான். தீவுகளுக்கும் தெற்கே, சுறா பிடிக்கப் போகிறவர்கள் மட்டும் பார்த்திருக்கும் கடல். நீரோட்டம் வள்ளத்தை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஒருவன் அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா என்று ஒருத்தர் கேட்டார். வீட்டுக்குள் மரம் ஆடுகிறது, அதை ஒத்துக்கொண்ட நீ இதை ஒத்துக்கொள்ள மாட்டாயா என்று இன்னொருத்தர் அவரை மடக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் ஆண்கள் சிரித்த சத்தம் கேட்டு அடுக்களையில் கொன்சலா அழுதாள்.

தன் படகில் ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது பிலவேந்திரன் எட்டுப் பேரோடு தெற்கே போனான். திருநாள் பூசையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர்கள் அதற்கு முன்பு எங்கள் ஊரில் இல்லை. பெண்கள் கரையில் நின்று செபமாலை சொன்னார்கள். கொன்சலா தார்சியுஸின் மாற்றுச் சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அது இஸ்திரி போட்ட சட்டை.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. கேரல் பாடுகிறவர்கள் வந்தபோது மரம் நன்றாக வீசிக்கொண்டிருந்ததால் கிளைகளில் வைத்த மெழுகுவர்த்தி நிற்கவில்லை, போன் வெளிச்சத்தில் பாடினார்கள். எல்லோருக்கும் கொன்சலா முறுக்கு கொடுத்தாள். எனக்கு நினைவிருக்கிறது, அன்று அவள் காதில் கம்மல் போட்டிருந்தாள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, நான் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது ஒட்டுச்சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணே, இஞ்ச கொஞ்சம் வாருங்க."

உதிர்ந்த ஊசிகளைக் கூட்டுவதற்காகச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் விளக்குமாற்றோடு நுழைந்தவள், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கருகின பக்கம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதற்குள்ளே தண்டில் சிவப்பும் நீலமுமாக அந்த முடிச்சு. அவள் விரல் அதன் மேல் இருந்தது.

"அவிய கடல்பக்கம்தானே கட்டுவாவ?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வாளியைக் கட்டிப் பிடித்தாள். நான் மறுபக்கம் பிடித்தேன். கனத்தது. தரையில் மணல் நெறிபட, இழுத்து இழுத்துத் திருப்பினோம், கருகின பக்கம் வாசலுக்கு, கடலுக்கு நேரே வரும்வரை. தோப்பில் அது எப்படி நின்றதோ அப்படி. மரம் வீட்டுக்குள் வந்ததே ஒழிய, தான் நின்ற நிலையை மறக்கவில்லை. தன் கடல்பக்கம் எதுவோ அதுவே மேற்கு என்று வைத்துத்தான் அது காற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதன் முகத்தைச் சுவரில் வைத்துவிட்டு மேற்கு எது என்று அதனிடம் கேட்டிருக்கிறோம்.

இப்போது கிளைகள் வாசலைப் பார்த்துச் சாய்ந்தன. கச்சான் அல்ல. வாடை. எங்கள் ஊர்க் காற்று.

கொன்சலா சன்னலைத் திறந்தாள். வெளியே தென்னை மட்டைகள் ஒரு தடவை எழுந்து கடல் பக்கம் சீறி அடங்கின. மரம் சும்மா நின்றது. பரலோக மந்திரம் என்கிற சின்னச் செபத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம் ஆனதும், மரத்தின் கிளைகள் அதே போல எழுந்து, அதே பக்கம் சீறி, அதே போல அடங்கின. மறுபடி தென்னை. மறுபடி, கொஞ்சம் பொறுத்து, மரம். நான் மூன்றாம் தடவைக்குக் காத்திருந்தேன், அவள் காத்திருக்கவில்லை. எங்கள் கூரையைத் தாண்டிப் போகிற அதே காற்று கொஞ்ச நேரம் கழித்து அவன் மேல் படுகிறது. அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறான். செருப்பில்லாமல் கரைக்கு ஓடினாள்.

பெரிய படகு தெற்கே இருந்தது. ஒயர்லெஸ் எட்டவில்லை. இருந்த சின்ன வள்ளங்கள் எல்லாம், வலையை மணலில் கொட்டிவிட்டு, காற்று போகும் திசையிலேயே போயின. கோயில்பிள்ளைகூட ஒரு வள்ளத்தில் ஏறிப் போனார். கொன்சலா வீட்டுக்குத் திரும்பி மரத்தின் முன் உட்கார்ந்தாள், ஜெனிஷா மடியில். நான் வாசற்படியில் இருந்தேன். தென்னை, பிறகு மரம். தென்னை, பிறகு மரம். மத்தியானம் முழுவதும் அந்த இடைவெளி மாறவில்லை. கொன்சலா மரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள், வந்திட்டு இருக்காவ, இன்னும் கொஞ்சம், பிடிச்சிட்டு இருங்க என்று, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் குரலில்.

வெயில் சாய்ந்தபோது தென்னை எழுந்து அடங்கியது, மரம் எழவில்லை. இன்னொரு தடவை தென்னை எழுந்தது. மரம் ஒரு ஊசியும் அசையாமல், பிளாஸ்டிக் மரம் போல நின்றது. மிதவைகள் நேராகத் தொங்கின. இருட்டுவதற்கு முன்பு வள்ளங்கள் ஒன்றொன்றாகக் கரைக்கு வந்தன. யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லை.

மறுநாள் காலை மரம் மறுபடி அசைந்தது. ஜெனிஷா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள், அப்பா முழித்துவிட்டார் என்று. தெருவெல்லாம் வந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கிளைகள் அசைந்துகொண்டிருந்தன, ஆனால் காற்றில் அசைகிற மாதிரி இல்லை. எல்லாக் கிளையும் சேர்ந்து, சத்தமே இல்லாமல், மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, அங்கே கொஞ்சம் நின்று, மெல்ல மறுபக்கம் வந்தன. ஊசிகள் நனைந்த கூந்தல் போலப் பிரிந்து பிரிந்து சேர்ந்தன. மிதவைகள் கட்டிய நூலை மேலே இழுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து நின்றன.

எங்கள் ஊரில் பாதி ஆண்கள் பாறைகளில் சிப்பி எடுக்க மூழ்குகிறவர்கள். தண்ணீருக்கு அடியில் பாசி எப்படி ஆடும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பிறகு எல்லோரும் அவிழ்த்தார்கள். கொன்சலா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பார்த்துவிட்டு, காதிலிருந்த கம்மலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதும் மணி அடிக்கவில்லை. உடல் இல்லை.

பிலவேந்திரன் புது வருஷம் பிறந்த பிறகு வந்தான். தாடியும் வெடித்த உதடுமாக, இஸ்திரி கலையாத சட்டை இருந்த அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான். தெற்கே கச்சான் நன்றாக வீசியது, அவன் சொன்னது போலவே வீசியது, அங்கே யாரும் இல்லை என்று வாசலில் நின்று சொல்லத் தொடங்கியவன், உள்ளே பார்த்து நிறுத்தினான். கருகின பக்கம் அவனைப் பார்த்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முடிச்சு நடுவில் தெரிந்தது. அவன் திரும்பி வாசலைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். கையிலிருந்த பை தரையில் விழுந்தது.

"நான்தான் அத்தான் திருப்பி வைக்கச் சொன்னது," என்றாள் கொன்சலா. "அழகா இருக்கட்டும்னு."

பிலவேந்திரன் உள்ளே வந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான் வைப்பாவ பிள்ளே. நீ அழகு பாத்த, அது தப்பில்ல. நான் காத்தப் பாத்தேன், மரத்தப் பாக்கல்ல." பிறகு, சுவரில் முதுகு உரசக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "பக்கத்தில கிடந்திருக்கான். நான் போன வழியில அவனத் தாண்டித்தான் போயிருப்பேன்."

கொன்சலா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பையிலிருந்து சட்டையை எடுத்து உதறி, மடித்து, இந்தச் சட்டையைப் போட்டுத்தான் அடக்க வேண்டும் என்றாள்.

புது வருஷம் பிறந்து ஆறாம் நாள் வரும் மூன்று ராசாக்கள் திருநாளன்று மரத்தை இறக்கிக் கரையில் எரிப்பது எங்கள் பழைய வழக்கம். அதற்கு முந்தின நாள் கொன்சலா சாமியாரிடம் போனாள். மரத்துக்கு அடக்கம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லையம்மா என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அவள் வாதாடவில்லை, ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னாள். வந்தார். கிளைகளுக்குள் கையை நுழைத்தார். முழங்கைவரை நுழைத்து வைத்திருந்து, முகம் மாறி, வெளியே எடுத்தபோது அங்கியின் கை நனைந்து சொட்டியது. அதைப் பிழியாமல் அப்படியே கோயிலுக்கு நடந்துபோனார். கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது.

துக்கமணி அடித்ததும் ஊர் தன் வேலையைத் தொடங்கியது. இத்தனை நாள் தீப்பெட்டி கேட்டு வந்த பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுது வந்தார்கள், எதிர்வீட்டுக்காரி கொன்சலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள், தெருவில் பந்தல் போட்டார்கள், நாற்காலி வந்தது, பாலில்லாத கட்டங்காப்பி வந்தது. மிதவைகளை ஜெனிஷா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள், அவிழ்த்த ஒவ்வொன்றும் கையை விட்டதும் கூரைவரை போய் முட்டிப் பிறகு விழுந்தது. சட்டையை மரத்துக்குப் பொத்தான் போட்டு அணிவித்தார்கள். தங்கப்பழம் தோப்பிலிருந்து வந்து, வேரில்லாத அடித்தண்டைத் துணியால் சுற்றிக் கட்டினார். பெட்டியில் வைத்தபோது கிளைகள் பெட்டிக்குள்ளும் ஆடிக்கொண்டிருந்தன. முன்னால் பிலவேந்திரனும் பின்னால் நாங்களும் தூக்கினோம். தோப்பிலிருந்து கொண்டுவந்த அன்று இருந்ததைவிட மூன்று மடங்கு கனம் இருந்தது. கல்லறைத் தோட்டம்வரை பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி, மணலில் ஒரு கோடு வந்தது. குழிக்குள் இறக்கும்போது பிலவேந்திரன் குனிந்து பார்த்து, கருகின பக்கம் மேற்கே வரும்படி பெட்டியை அரைவட்டம் திருப்பச் சொன்னான். திருப்பினார்கள். மண் விழ விழ ஆட்டம் மெதுவாகி, நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பிளாஸ்டிக் மரங்கள் அலமாரி மேலேயே இருந்துவிட்டன, வீட்டுக்கு வீடு சவுக்கு வாங்குகிறார்கள், வாங்கி, கருகின பக்கம் கடலைப் பார்க்கும்படி நிறுத்துகிறார்கள், பழுப்பேறி, மொட்டையாக, எந்த ஜோடனை செய்தாலும் எடுபடாத பக்கம் மேற்கே வாசல் வைத்த வீடுகளில் வருகிறவர்களுக்கு நேரே தெரிகிறது. வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் முதல் வருஷம், மரத்தை மாற்றி வைத்துவிட்டீர்களே என்று திருப்பப் போவார்கள். மாமியார்கள் கையைப் பிடித்து நிறுத்துவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். பிலவேந்திரன் இப்போது ஆழ்கடலுக்குப் போவதில்லை. கரையில் வலை பின்னுகிறான். காற்றைப் பற்றி யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்கிறான்.

கொன்சலாவும் வருஷம் தவறாமல் மரம் வைக்கிறாள். வாளியைத் தூக்க நான் போவேன். ஜெனிஷா வளர்ந்துவிட்டாள், நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலி மேல் ஏறி நிற்பாள். கொன்சலா சன்னல்களைச் சாத்துவாள், மின்விசிறியை நிறுத்துவாள், கருகின கிளைகளுக்குள் கையை நுழைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வெளியே தென்னை எழுந்து அடங்கும். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுப்பாள், ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம். பிறகு கையை எடுத்து, காய்ந்திருக்கும் அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொல்வாள்:

"ம். மாட்டு."